கிரவுண்ட்ல பஸ் நிக்குது, மேடம்!

மூன்று நாளாக எனக்குக் குரல் இல்லை.

"ஐஸ்க்ரீம் சாப்பிட்டீங்களா?" என்றார் தொண்டை டாக்டர். இல்லை என்று தலையாட்டினேன். "பாட்டுக் கச்சேரி ஏதாவது?" என்றார். என்னைப் பாடச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. அவர் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து எழுதிக் காட்டினேன் — 'கோ-கோ மேட்ச்'.

டாக்டர் என் நரைமுடியைப் பார்த்தார். முழங்காலில் போட்டிருந்த பட்டையைப் பார்த்தார். "நீங்களா?"

ஆடவில்லை டாக்டர்... கத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க, ஹைதராபாத் எல்லையில் பட்டான்செருவையும் தாண்டி ஒரு என்ஜினியரிங் கல்லூரி மைதானத்தில் நின்றுகொண்டு கத்தோ கத்தென்று கத்தினேன். எனக்குப் பக்கவாத்தியமாக பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். தேவைதான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மெட்டுகுடாவில் எங்கள் அப்பார்ட்மென்டில் எனக்குக் கீழ் வீட்டில் இருப்பவள் சுதா. கணவருக்கு ரயில்வேயில் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து அவர்கள் குடும்பம் செகந்தராபாத் வந்து நாலு தலைமுறை ஆகிறது. அதனால் சுதா பேசும் தமிழில் வேலூரும் இருக்கும், ஊர் உருதுவும் இருக்கும். இரண்டும் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தும். அவளுடைய ஒரே மகள் நிவேதிதா. நாங்கள் கூப்பிடுவது நிவி. என்ஜினியரிங் இரண்டாம் வருடம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், தெலுங்கில் கேட்டால் இங்கிலீஷில் சொல்வாள்.

பள்ளிக்கூடத்தில் நிவி கோ-கோ டீமில் இருந்தவள். வளைந்து வளைந்து ஓடுவாள்; துரத்துகிறவர்கள்தான் விழுந்து எழுந்திருப்பார்கள். அப்புறம் பத்தாம் வகுப்பு வந்தது. நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு வந்தால் என்ன நடக்கும்? டி.வி.க்குத் துணி போர்த்துவோம். ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பரணில் போடுவோம். 'படிப்பு முடியட்டும், அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஆடு' என்போம். எப்போது முடியும் என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

பிறகு 'இன்டர்'. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். இன்டர் காலேஜ்கள் பலவும் அப்பார்ட்மென்ட் மாதிரி கட்டடங்களில்தான் நடக்கின்றன. கீழே ஜூஸ் கடை, மேலே கெமிஸ்ட்ரி. மைதானம் எங்கே என்று கேட்டால் லிஃப்ட் வாசலைத்தான் காட்ட வேண்டும். இரண்டு வருடம் நிவி அங்கே உட்கார்ந்து, உட்கார்ந்து, உட்கார்ந்து படித்தாள். சீட்டும் கிடைத்தது. சுதா தெருவுக்கே லட்டு கொடுத்தாள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை. கறிவேப்பிலை வாங்க முனைக்குப் போனேன். காலேஜ் பஸ் வந்து நின்றது. நிவி படியில் ஒரு காலை வைத்தாள்... எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். இவள் தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. நிவி அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"அம்மாக்கி செப்பொத்து ஆன்ட்டி... ப்ளீஸ்."

அம்மாவிடம் சொல்லாதே என்கிறாள். சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் முதலில் இவள் சொல்லட்டும் என்று நானும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன், கறிவேப்பிலைக் கட்டோடு.

சொன்னாள். முதல் வருட மேத்ஸ் பேப்பர் ஒன்று பாக்கி. இவர்கள் பாஷையில் பேக்லாக். அதை இரண்டாவது தடவையாக எழுதப் போயிருக்கிறாள். கேள்வித்தாளை விரித்ததும் எழுத்தெல்லாம் நகர ஆரம்பித்ததாம். முதல் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. காலேஜ் பஸ்ஸைப் பார்த்தாலே வீட்டுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருக்கிறது.

"அடுத்த வாட்டியும் போச்சுன்னா நான் டிஸ்கன்டின்யூ பண்ணிடறேன் ஆன்ட்டி. காலேஜ் வேணாம். நிஜமா."

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

சுதாவிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பதற்றத்தில் ஊர் உருதுதான் முன்னால் வந்தது; 'கைக்கு' என்றால் 'ஏன்'. "நான் இன்னா கேட்டாலும் 'குச் நை, ஒண்ணும் இல்ல'ன்றா அக்கா. கைக்கு சாப்ட மாட்டேன்றே, கைக்கு தூங்க மாட்டேன்றேன்னு கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்குது. நாலு மணிக்கு எழுப்பி விடறேன். பாதாம் ஊற வெச்சுத் தர்றேன். இதுக்கு மேல இன்னாதான் பண்றது?"

மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். நல்ல டாக்டர் அம்மாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை, பயம்தான் என்றார். பயத்தைப் பேசித் தீர்க்க ஒரு கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார். நாலு மணி எழுப்பலை உடனே நிறுத்தச் சொன்னார். அப்புறம் நிவியைப் பார்த்து, "என்ன விளையாடறே?" என்று கேட்டார்.

நிவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"தினமும் வேர்க்க வேர்க்க ஆடணும்" என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

சுதா டாக்டர் பேச்சைத் தட்டாதவள். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். என் பால்கனியிலிருந்து பார்க்கிறேன்... ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரமாக அம்மாவும் பெண்ணும் கை வீசி நடக்கிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். கீழே கடந்து போகும்போதுதான் காதில் விழுந்தது.

"சைன் ஸ்கொயர் எக்ஸ்... இன்டக்ரேட் பண்ணா இன்னா வரும்? சொல்லு, சொல்லு!"

சுதாவின் கையில் போன். போனில் ஃபார்முலா!

"சுதா... இது வாக்கிங்கா, வைவாவா?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"சும்மா நடந்தா டைம் வேஸ்ட்தானே அக்கா?"

இதற்கு என்ன சொல்வீர்கள்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சு விடுவதற்குக்கூட ஒரு சிலபஸ் வைத்துவிடுவோம். எல்லாம் பாசத்தில்தான். அந்தப் பாசத்தில்தான் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது.

அன்று சாயங்காலம் நிவி என் வீட்டுக்கு வந்து சோபாவில் தொப்பென்று விழுந்தாள். "வாக்கிங் நக்கோ, வேணாம் ஆன்ட்டி. எனக்கு ஓடணும். ஓடறதுன்னா பின்னாடி யாராவது துரத்தணும்."

"காலேஜ்ல ஆடேன். அவ்ளோ பெரிய காலேஜ்!"

நிவி சிரித்தாள். பல நாளைக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "கிரவுண்ட்ல பஸ் நிக்குது ஆன்ட்டி."

இதை நான் விளக்கியாக வேண்டும். ஹைதராபாத்தின் என்ஜினியரிங் காலேஜ்கள் பலவும் ஊருக்கு வெளியே இருக்கின்றன. காலையில் மூலைக்கு மூலை மஞ்சள் பஸ்கள் கிளம்பி, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும். நிவியின் காலேஜில் அத்தனை பஸ்களும் நேராக மைதானத்துக்குள் போய் நிற்கும். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதாவது பிள்ளைகள் காலேஜில் இருக்கும்போது மைதானத்தில் பஸ் இருக்கும். பஸ் போய் மைதானம் காலியாகும்போது பிள்ளைகள் பஸ்ஸுக்குள் இருப்பார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு இருந்து ஆடலாமே என்றால், அப்புறம் பட்டான்செரு வரை ஷேர் ஆட்டோவில் ஃபேக்டரி ஷிஃப்ட் கூட்டத்தோடு தொங்க வேண்டும். எந்த அம்மா சம்மதிப்பாள்?

காலேஜ் பிராஸ்பெக்டஸில் மட்டும் பரந்த பச்சை மைதானம் பளபளக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த போட்டோ!

அந்த காலேஜுக்கு பிசிகல் டைரக்டரும் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பி.டி. சார். கழுத்தில் விசில் தொங்கும். அதை அவர் ஊதுவது காலையும் மாலையும் பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். மற்ற நேரமெல்லாம் கேட்டில் நின்று ஐ.டி. கார்டு பார்ப்பார். டைம்டேபிளில் கடைசி பீரியட் 'கேம்ஸ்' என்று போட்டிருக்கும். அந்த நேரத்தில் பிளேஸ்மென்ட் கிளாஸ் நடக்கும்.

கொஞ்ச நாளில் அந்த காலேஜிலிருந்தே எனக்கு ஒரு அழைப்பு. மாணவர்களுக்கு 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' பற்றிப் பேச வேண்டுமாம். என்னைப் போல் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களை எதைப் பற்றியும் பேசக் கூப்பிடுவார்கள், அது வழக்கம்தான். ஆனால் இந்தக் காலேஜ் ஏன் என்னைத் தேடிப் பிடித்தது? விசாரித்தால், என் பெயரை லெக்சரரிடம் கொடுத்ததே நிவி. "எனக்கு ஒரு ஹெல்ப் வேணும் ஆன்ட்டி, வாங்களேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

போனேன். ஏ.சி. ஹால். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அட்டென்டன்ஸ் உண்டாம், நடுவில் எழுந்து போகக் கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். பெரிய திரையில், ஓடுகிற ஒரு பெண்ணின் படம். கீழே 'தினமும் உடலை அசையுங்கள்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. வரவேற்புரை, பொன்னாடை, முதல்வர் உரை, எனக்கு முன்னால் பேசிய ஒரு பேராசிரியரின் ஸ்லைடு, அப்புறம் இன்னொரு ஸ்லைடு... நான் மைக்கைப் பிடிக்கும்போது எனக்கே இடுப்பு மரத்துவிட்டது. பாவம், பிள்ளைகள்! சுருக்கமாகப் பேசி முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன்.

நடு வரிசையில் நிவி எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரித்த கேள்வித்தாளையே படிக்க முடியாத பெண், இத்தனை பேர் பார்க்க எழுந்து நிற்கிறாள்.

"மேடம், டெய்லி ஆடணும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஆடறது? கிரவுண்ட்ல பஸ் நிக்குது, மேடம்."

இங்கிலீஷில்தான் கேட்டாள். அப்புறம் ஒரு கைதட்டல் எழுந்தது பாருங்கள்... மூன்று மணி நேரமாக அசையாத அத்தனை உடம்பும் அப்போது அசைந்தது.

"அருமையான கேள்வி. பதில் என்கிட்ட இல்ல, சார்கிட்டதான் இருக்கு" என்று மைக்கை முதல்வரிடம் நீட்டினேன்.

முதல்வர் கெட்டவர் இல்லை. முகம் சிவந்தது, ஆனால் மழுப்பவில்லை. "ரோட்ல நிறுத்தினா போலீஸ் ஃபைன் போடறாங்க. இத்தனை பஸ்ஸை என் தலை மேலயா நிறுத்தறது? நீங்களே ஒரு வழி சொல்லுங்க. காலியாகற இடத்தை எடுத்துக்குங்க" என்றார். மைக்கில் சொன்னார். நானூறு பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். இனி எங்கே போவார்!

மறுநாள் கேன்டீனில் நிவியும் தோழிகளும் டிபன் பாக்ஸ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். ஒவ்வொரு டிபன் பாக்ஸும் ஒரு பஸ். பி.டி. சாரையும் இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார்கள். எப்படி நகர்த்தினாலும் மேஜை போதவில்லை. பஸ்ஸுக்குப் படி இடது பக்கம். ஏற, இறங்க ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பக்கத்திலும் இடைவெளி விட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளிகள்தான் மைதானத்தைத் தின்கின்றன.

நிவிக்குத் திடீரென்று பொறி தட்டியிருக்கிறது. கோ-கோவில் துரத்துகிற அணி எப்படி உட்காரும்? நடுக்கோட்டில் வரிசையாக. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து அல்ல. ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்ப்பாள். பஸ்ஸையும் அப்படி உட்கார வைத்தால்? ஒன்று வாசலைப் பார்த்து, அடுத்தது சுவரைப் பார்த்து. படி இல்லாத வலது பக்கங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். படி உள்ள பக்கங்கள் எதிரெதிரே வருவதால் இரண்டு பஸ்ஸுக்கு ஒரே இடைவெளி போதும். டிபன் பாக்ஸ்களைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். மேஜையில் ஒரு பக்கம் காலியாகிவிட்டது!

ஒரு கோ-கோ கோர்ட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் அளவு இருந்தால் போதும். கணக்குப் பார்த்தால் அது வந்து, பக்கத்தில் ஒரு வாலிபால் கோர்ட்டுக்கும் மிச்சம் இருந்தது. கணக்கு வராது என்று படிப்பையே விடத் துணிந்த பெண் போட்ட கணக்கு இது.

முதல்வர் நேரில் வந்து பார்த்தார், ஒப்புக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் கடைசி பீரியட் நிஜமாகவே கேம்ஸ். ஒரே ஒரு நிபந்தனை. "செமஸ்டர் ரிசல்ட் முன்னைவிட இறங்கிச்சுன்னா பஸ் பழைய இடத்துக்கே வந்துடும்."

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், டிரைவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மெட்டுகுடா ரூட்டை ஓட்டுகிறவர் யாதகிரி. பஸ் முகப்பில் புது ஸ்டிக்கர், எலுமிச்சை மிளகாய் மாலை, சரிகைத் தோரணம் எல்லாம் வைத்துச் சிங்காரித்து வைத்திருப்பவர். "நேனெந்துக்கு கோட சூஸ்த கூசோவாலே?" என்று எகிறினார். நான் ஏன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்கிறார். கௌரவப் பிரச்சினை! ஒரு டிரைவருக்கும் தன் பஸ் மூலையில் முட்டிக்கொண்டு நிற்க விருப்பமில்லை.

நிவி விடவில்லை. "இன்னிக்கு நீங்க சுவரைப் பாருங்க அண்ணா, நாளைக்கு அவர் பார்ப்பார். எங்க ஆட்டத்துலயும் தினம் திரும்பித் திரும்பித்தான் உக்காருவோம்" என்று தெலுங்கில் மணிக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறாள். கடைசியில் யாதகிரி இறங்கி வந்தார். பதிலுக்கு ஒன்று கேட்டார். கோர்ட்டை ஒட்டிய முதல் இடம் அவர் பஸ்ஸுக்கு வேண்டும். எதற்கு? மேட்ச் பார்க்க!

சுவரைப் பார்த்து நிற்கும் பஸ்களைப் பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே பி.டி. சார் விசில் ஊதி ரிவர்ஸ் எடுத்து வைத்துவிடுவார். ஸ்டோர் ரூமில் ஆண்டு விழா பேனர் கட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்த இரண்டு கோ-கோ கம்பங்கள் தூசி தட்டப்பட்டு மண்ணில் இறங்கின. பி.டி. சார் முதன்முதலாக ஒரு ஆட்டத்துக்கு விசில் ஊதினாராம். ஊதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நிவி சொன்னாள். தூசியாகவும் இருக்கலாம்.

முதல் நாள் ஆடிவிட்டு வந்தவளைப் பார்க்க வேண்டுமே! முழங்கை சிராய்ப்பு, துப்பட்டா முழுக்க செம்மண், முகம் முழுக்கப் பல். சுதா பதறிக்கொண்டு மஞ்சள் எடுக்க ஓடினாள். மறுநாள் படியேறி வந்து என் காதில் ரகசியமாகச் சொன்னாள், "அக்கா... நேத்து நாலு தோசை சாப்ட்டா. இன்னும் கேட்டா. நான் எழுப்புற வரைக்கும் தூங்கினா அக்கா!"

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓடினால் கவலை எல்லாம் பறந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நிவியின் அசைன்மென்ட் குறையவில்லை, பேக்லாக் மறையவில்லை. கவுன்சிலரிடம் வாராவாரம் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதே கவலையைச் சுமக்க இப்போது உடம்பில் தெம்பு இருந்தது. பசித்தது, தூங்கினாள், பஸ்ஸில் ஏறினாள். அது போதாதா? படிக்கிறதுக்கு மூளை மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மூளைக்குக் கீழே கை, கால், வயிறு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதைப் பட்டினி போட்டால் தலை மட்டும் எப்படி வேலை செய்யும்?

தேர்வு வந்தது. மேத்ஸ் பேப்பர், மூன்றாவது தடவை. அன்று சுதா சாமி அறையை விட்டு நகரவில்லை. நான் பால்கனியை விட்டு நகரவில்லை. சாயங்காலம் நிவி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மேலே வந்தாள்.

"எப்படிடா எழுதினே?"

"பேப்பர் கஷ்டம் ஆன்ட்டி. கை சில்லுனு ஆயிடுச்சு. லெட்டர்ஸ்கூட மூவ் ஆச்சு." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "பின்னாடி தட்டி 'கோ' சொல்ற வரைக்கும் உக்காந்திருப்போம்ல... ரெடியா, ஆனா மூச்சை விட்டுக்கிட்டு? அப்படி உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல கொஸ்டின் நின்னுடுச்சு. படிச்சேன். எழுதினேன். பாஸ் ஆவேனான்னு தெரியாது."

எழுதினாள்! அதுவே எனக்குப் போதும் என்றிருந்தது. ஆனால் காலேஜை விடுவதா வேண்டாமா என்பது ரிசல்ட்டில்தான் இருந்தது. சொன்ன சொல்லை அவளும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன சனிக்கிழமை அந்த மைதானத்தில் முதல் வெளி மேட்ச். நாச்சாரம் பக்கத்திலிருந்து ஒரு காலேஜ் பெண்கள் டீம் வந்திருந்தது. பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சுதா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் மஞ்சள் பஸ்கள் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி நிற்க, அதை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட கோர்ட். பஸ் படிகளில் டிரைவர்கள். ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள். யாதகிரி தன் பஸ்ஸின் ஹாரன் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரணி துரத்துகிறது, நம் பெண்கள் ஓடுகிறார்கள். ஒரே ஒரு புள்ளி நமக்கு அதிகம். உள்ளே இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அவுட். மிச்சம் நிவி. அவளையும் தொட்டுவிட்டால் சமன். கடைசி விசில் வரை அவள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

அப்போது பார்த்து ஒரு பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ரிசல்ட் விட்டுட்டாங்க! யூனிவர்சிட்டி ரிசல்ட்!"

சுதாவின் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. போனை எடுத்தாள். தப்புத் தப்பாக நம்பர் அடித்தாள். "அக்கா, நீங்க அடிங்க, நீங்க அடிங்க!" நிவியின் ஹால் டிக்கெட் நம்பரை மந்திரம் மாதிரிச் சொன்னாள். அடித்தேன். திரையில் வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது. எல்லாக் காலேஜும் ஒரே நேரத்தில் பார்த்தால் வேறென்ன செய்யும்?

அங்கே நிவி கம்பத்தைச் சுற்றி ஒரு திருப்பு திருப்பினாள். பாய்ந்து வந்தவள் மண்ணில் சறுக்கி விழுந்தாள். "கோ!" அடுத்தவள் எழுந்து துரத்தினாள். "உருக்கு பிட்டா, உருக்கு!" என்று யாதகிரி ஹாரனோடு சேர்ந்து கத்தினார். ஓடு மகளே, ஓடு! நானும் கத்தினேன். ஒரு கண் கோர்ட்டில், ஒரு கண் போனில். இங்கே வட்டம் சுற்றுகிறது, அங்கே நிவி சுற்றுகிறாள்.

பக்கம் திறந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். மேத்ஸ்... பாஸ்.

"சுதா! பாஸ்!"

சுதா என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் எழுந்து கோட்டு ஓரம் வரைக்கும் ஓடினாள். இந்தப் பெண்ணை நடக்க விட்டால்கூட நேரம் வீணாகுமே என்று தவித்தவள், செருப்பு ஒரு பக்கம் கழன்று போக ஓடினாள். "நிவி! பாஸ் ஆயிட்டேடி! மேத்ஸ் பாஸ் ஆயிட்டேடீ...!"

நிவிக்குக் கேட்டது. கேட்டது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் ஓடிக்கொண்டே அம்மா பக்கம் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். 'இரு' என்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்தாள், வளைந்தாள், தொட வந்த விரலுக்கு அகப்படாமல் மறுபக்கம் பாய்ந்தாள்.

விசில்!

அத்தனை பஸ்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து முதல்வர் கை தட்டினார். காலேஜ் ரிசல்ட்டும் இறங்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். பஸ்கள் இனி இப்படியேதான் நிற்கும்.

நிவி மூச்சு வாங்க வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தலையெல்லாம் மண். "ஜெயிச்சோமாம்மா?"

"மேத்ஸ் பாஸ்டி!"

"கேட்டுச்சும்மா. மேட்ச் ஜெயிச்சோமா, அதச் சொல்லு!"

"பாத்தீங்களாக்கா இவ கொழுப்ப..." என்று சுதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மண்ணோடு மண்ணாகப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள்.

ரிசல்ட்டையே ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள் ஒரு பெண் — இனி எந்தக் கேள்வித்தாள் அவளை என்ன செய்துவிடும்?